சிப்பி தண்ணீர் குடிக்காத சனிக்கிழமை

போன சனிக்கிழமை மத்தியானம், அந்தமானின் ரங்கத் ஊரில், ஒரு குதிரை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முப்பத்து நான்கு வருட அரசாங்க வேலையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். லீவு விண்ணப்பத்தில் நான் கேள்வி எழுதியவர்கள், பயணப்படி பில்லை நான் திருப்பி அனுப்பியவர்கள்... பழகிவிட்டது. ஆனால் அவர்களில் யாருக்கும் நான் விடியற்காலையில் எழுந்து குளம்பு சுத்தம் செய்ததில்லை. வலித்தது.

குதிரையின் பெயர் சிப்பி. செம்பழுப்பு நிறம், நெற்றியில் சோழி அளவுக்கு வெள்ளை. என் மருமகள் நிவேதாவின் குதிரை. பையன் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் இன்ஜினியர். மாதத்தில் பாதி நாள் கடலில். மருமகள் ஊருக்கு வெளியே ஒரு வாடகை நிலத்தில் மூன்று குதிரைகளை வைத்துக் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தருகிறாள். அந்தமானிலா என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். பெண் பார்க்கப் போன அன்றே கேட்டேன். மெயின்லேண்டிலிருந்து மாடு கப்பலில் வரலாம், குதிரை வரக்கூடாதா மாமா என்றாள். பதில் சொல்ல விதி எதுவும் கைவசம் இல்லை.

ரங்கத்தில் கால்நடைக் கண்காட்சி. இந்த முறை அதோடு குதிரைகள் தடை தாண்டும் போட்டியும் உண்டு என்று அறிவித்தார்கள். தீவுகளில் இருக்கிற குதிரைகளெல்லாம் — ரிசார்ட் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை உட்பட — பெயர் கொடுத்தன. நிவேதா ஆறு மாதமாகச் சிப்பியைப் பழக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை போய் அங்கேயே இரவு தங்கி, ஞாயிறு காலை போட்டி. குதிரையோடு தங்க ஓர் ஆள் வேண்டும்.

"நான் வருகிறேன்" என்றேன்.

"ரிட்டயர் ஆனது குதிரைச் சாணி அள்ளவா?" என்று என் மனைவி கேட்டாள். மின்னி பே குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? குதிரையோடு ஓர் இரவு வெளியூரில் தங்குவது சாணி அள்ளுகிற விஷயமா? அது ஒரு நிர்வாகம். குதிரை வளர்ப்பு பற்றிய தடித்த ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தபாலில் வரவழைத்து, அடிக்கோடிட்டு இரண்டு முறை வாசித்தேன். நாற்பத்து இரண்டு அயிட்டங்கள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொரு வேளைத் தீவனமும் தனித்தனிப் பையில், பை மேல் நேரம். வைக்கோல் வீட்டிலிருந்தே, வெளியூர் வைக்கோல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. உபரியாக ஒரு கடிவாளம். கால் பட்டைகள் நான்கு, துவைத்துச் சுருட்டியது. தெர்மாமீட்டர். தடுப்பூசிச் சான்றிதழ், மூன்று நகல். லாயத்தின் வாசலில் தொங்கவிட ஓர் அட்டை: குதிரையின் பெயர், வயது, தீவன நேரம், என் போன் நம்பர். எனக்கு ஒரு மடக்குக் கட்டில், கொசுவலை, டார்ச், மழைக்கோட்டு. கேரட்கூட நீளவாக்கில் நறுக்கியது. வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். தெரியுமா உங்களுக்கு?

தண்ணீரும் வீட்டுத் தண்ணீர்தான். பழகாத ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டு விலகிவிடும் என்று கையேடு சொல்கிறது. எனவே கேன்களில் நிரப்பினேன். நோய் தொற்றாமல் இருக்க எல்லாச் சாமான்களையும் கிருமிநாசினி போட்டுக் கழுவ வேண்டும் என்று இன்னோர் அத்தியாயம் சொல்கிறது. அதையும் செய்தேன். புதிதாக ஒரு நீல வாளி வாங்கி, எலுமிச்சை வாசனைப் பினாயிலில் ஊறவைத்து, மூன்று முறை அலசி, வெயிலில் காயவைத்தேன்.

ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இனி என் சம்பந்தி.

நிவேதாவின் அப்பா பெரியசாமி. கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து — ஊரின் பெயர் மாறிவிட்டது, என் நாக்கு மாறவில்லை — ஜங்லிகாட் பகுதியில் ஆட்டோக்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கைலி. சத்தமான சிரிப்பு. ஒரு கையேட்டையும் வாழ்நாளில் திறந்ததில்லை. வாரத்தில் இரண்டு நாள் லாயத்துக்கு வருவார், சட்டைப்பையில் ஒரு கடலை மிட்டாயோடு. அவருடைய மினி லாரி தெருமுனையில் திரும்பும்போதே சிப்பி மூக்கால் கனைக்கும்.

நான் தினமும் போகிறேன். தினமும்! எனக்கு ஒரு கனைப்பு? கிடையாது. கேரட்டைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்க்கும்.

இதைப் பொறாமை என்று சொல்லலாமா? சொல்லலாம். வேறு பெயர் தேடி வெகுநாள் யோசித்தேன், அகப்படவில்லை.

குதிரையை ஏற்றிப்போக லாரி வேண்டும்; லாரி சம்பந்தியுடையது. எனவே அவரும் வந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பட்டியலை வாசிக்க வாசிக்க நிவேதா ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினாள். சம்பந்தி லாயத்துக்குள் கிடந்த பழைய பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளையாக இருந்து சாம்பலானது, பக்கவாட்டில் ஆட்டோ மஞ்சள் திட்டுத்திட்டாக.

"சம்பந்தி, இதயும் போட்டுக்கலாமா?"

"லிஸ்ட்டுல இல்ல, சம்பந்தி" என்றேன்.

"சரிதான்... லிஸ்ட்டுல இல்லன்னா எப்படி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, கான்வாயாகத்தான் பழங்குடிக் காட்டு வழியே விடுவார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் எங்கும் நிறுத்தக்கூடாது. அருமையான விதி, நான் மதிக்கும் விதி. ஆனால் குதிரைக்குத் தண்ணீர் காட்ட முடியாது. காடு முடிந்து ஜலசந்தியில் பெர்ரிக்குக் காத்திருக்கும்போது நீல வாளியில் தண்ணீர் வைத்தேன். சிப்பி முகர்ந்தது. விலகியது.

"இன்ஜின் சத்தம்" என்று நிவேதாவுக்கு விளக்கினேன்.

மத்தியானம் ரங்கத் வந்தோம். பள்ளி மைதானத்தில் மூங்கிலும் தார்ப்பாலினும் கட்டிய தற்காலிக லாயங்கள். இரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க, இரண்டு போட்டோவும் ஆதார் நகலுமாக வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சம்பந்தி வாசலில் நின்ற காவலாளியின் தோளில் கைபோட்டார்.

"அரே பாய், பேட்டி கா கோடா ஹை! பொண்ணோட குதிரைப்பா!"

"ஜாவ், சாச்சா, ஜாவ்" என்று அவன் வழிவிட்டான்.

நான் சீட்டோடு உள்ளே போனபோது சம்பந்தி ஏற்கனவே சிப்பியின் லாயத்தின் முன்னால் எதன் மேலோ உட்கார்ந்து, பக்கத்து லாயத்துக் குதிரைக்காரர்கள் நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். சிப்பி குறுக்குக் கட்டைக்கு மேலே கழுத்தை நீட்டி அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வாளியை வைத்தேன். வீட்டுத் தண்ணீர். அப்போதுதான் அந்த முகத்தைத் திருப்பும் சம்பவம்.

ஒரு மணிக்கு வைத்தேன். இரண்டு மணிக்குத் தண்ணீரை மாற்றி வைத்தேன். கொஞ்சம் உப்பு. பிறகு கொஞ்சம் வெல்லம். கையேட்டில் இருந்த எல்லா உபாயங்களும் மூன்று மணியோடு தீர்ந்தன. வெயிலோ ரங்கத்து வெயில். தார்ப்பாலினுக்குக் கீழே நாங்களே வெந்துகொண்டிருந்தோம். சிப்பியின் சாணி உருண்டை உருண்டையாக, காய்ந்து விழுந்தது. அது நல்லதில்லை. தண்ணீர் இல்லாமல் குடல் அடைத்துக்கொண்டால் குதிரைக்கு வரும் வயிற்றுவலி, மனிதனுக்கு வருகிற மாதிரி இல்லை. உயிர் போகும் வலி. உயிர் போகவும் செய்யும்.

நாலரை மணிக்குக் கண்காட்சியின் கால்நடை டாக்டர் வந்தார். இளம் பெங்காலிப் பெண். சிப்பியின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. ஈறை அழுத்திப் பார்த்தார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அங்கிள், ஆட் பஜே தக். எட்டு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள குடிக்கலேன்னா மூக்கு வழியா டியூப் போட்டுத் தண்ணி விடணும். நாளைக்குப் போட்டி கிடையாது."

நிவேதா சிப்பியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். போட்டியைப் பற்றி அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. "குடிடி... ஒரு வாய் குடிடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, வேற என்ன செய்யலாம்? புக்குல வேற ஏதாவது போட்டிருக்கா?"

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாத இரண்டாவது சந்தர்ப்பம். முதலாவதும், பெண் பார்க்கப் போன அன்று, இவள் கேட்டதுதான்.

எங்கள் தீவில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். மைதானத்தில் டியூப்லைட் போட்டார்கள். எல்லாரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிவேதா அதன் கண்ணை, டாக்டர் வயிற்றை, பக்கத்து லாயத்துக்காரர்கள் வாயை. நான்? நான் சம்பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் மேல் இதற்கு என்ன அப்படி ஒரு பிரியம்? வியர்வை வாசனையா? பெயின்ட் வாசனையா? சிரிப்பா? ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தெம்பில்லாத குதிரை, இவரைப் பார்க்க மட்டும் கழுத்தை நீட்டுகிறதே!

ஆறு மணிக்குச் சம்பந்திக்கு ஒரு போன் வந்தது. எழுந்து நாலடி தள்ளிப் போனார். அவரோடு கைலியும் போனது. அதுவரை கைலி மறைத்திருந்த ஆசனம் வெளிச்சத்துக்கு வந்தது.

பழைய பெயின்ட் வாளி. கவிழ்த்துப் போட்டிருந்தது.

சிப்பி அவர் போன பக்கம் திரும்பவே இல்லை. கட்டைக்கு மேலே எக்கி, மூக்கை வாளிக்குக் கொண்டுபோய், அதன் விளிம்பை ஒரு முறை நக்கியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருடக்கணக்காகத் தினமும் அது தண்ணீர் குடித்த வாளி. அதை நான் லிஸ்ட்டிலிருந்து தள்ளினேன். பதிலுக்கு நான் கொடுத்த புது வாளியில் பினாயில் வாசனை... மூன்று முறை அலசியும் நமக்குத் தெரியாமல் அதன் மூக்குக்குத் தெரிந்த வாசனை. வீட்டுத் தண்ணீரானாலும் சரி, வெல்லத் தண்ணீரானாலும் சரி, அதற்குள் ஊற்றினால் எல்லாம் பினாயில் தண்ணீர்தான்.

முதலில் வந்தது என்ன உணர்ச்சி என்று சொல்லட்டுமா? சந்தோஷம். இத்தனை நேரமும் அந்தக் குதிரை கழுத்தை நீட்டியது இவருக்காக இல்லை! வாளிக்காக!

அடுத்ததாக இன்னொன்று வந்தது. இப்போது நான் வாய் திறந்தால் என்ன ஆகும்? 'மாமாவின் லிஸ்ட்டால் வந்த வினை. அப்பாவின் வாளியால் தீர்ந்தது.' நிவேதாவின் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா?

சம்பந்தி போன் பேசிவிட்டு வந்து மறுபடியும் அதன் மேல் உட்கார்ந்தார்.

நான் பேசாமல் இருந்தேன்.

பத்து நிமிடம். வாட்ச்சைப் பார்த்ததால் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் வேறு வழி ஏதாவது உண்டா என்று யோசித்தேன். கேன்டீனில் ஒரு பழைய பாத்திரம் கடன் வாங்கலாமா? சம்பந்தி பாத்ரூம் போகும்போது வாளியை எடுத்து, நானே கண்டுபிடித்ததாக... இப்படியெல்லாம் ஓடியது, படித்த புத்தி. நடுவில் சிப்பி ஒரு தடவை தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது. வயிற்றுவலியின் முதல் அறிகுறி. கையேட்டில் நான் சிவப்பில் அடிக்கோடிட்ட வரி.

"சம்பந்தி, கொஞ்சம் எழுந்திருங்க."

"ஏன், நீங்க உக்காரணுமா? உக்காருங்க, உக்காருங்க."

"வாளி வேணும்."

"எது, இதுவா?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "லிஸ்ட்டுல இல்லையே, சம்பந்தி!"

பக்கத்து லாயத்துக்காரர்கள் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. நான் வாளியைத் திருப்பி, மண்ணைத் துடைத்து, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிச் சிப்பியின் முன்னால் வைத்தேன்.

முகர்ந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கு வரைக்கும் உள்ளே விட்டது.

குதிரை தண்ணீர் குடிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு மடக்குக்கும் காது முன்னும் பின்னும் ஆடும். நான் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. முதல் வாளி காலி. இரண்டாவது வாளியில் பாதி. டாக்டரம்மா வந்து வயிற்றைக் கேட்டுவிட்டு, "ஹோ கயா, அங்கிள்! சரியாயிடுச்சு, நாளைக்கு ஓடலாம்" என்று என் கையைக் குலுக்கினார்.

நிவேதா அழுதுகொண்டே ஓடிவந்தாள். நேராக அவள் அப்பாவிடம்.

"நீங்க மட்டும் இந்த வாளியக் கொண்டு வரலேன்னா என்னப்பா ஆகியிருக்கும்!"

பிறகு என்னிடம் திரும்பினாள். ரொம்பப் பரிவாக. "மாமா, நீங்க கொஞ்ச நேரம் படுங்க. பாவம், டயர்டா இருப்பீங்க."

பாவம்! இந்த வார்த்தைக்கு மேல் ஒரு தண்டனை உண்டா?

அன்று ராத்திரி மடக்குக் கட்டிலில், கொசுவலைக்குள் படுத்தபடி நான் எனக்கே ஒரு சமாதானம் எழுதிக்கொண்டேன். குதிரையைப் பார்த்தவர்கள் ஒருவருக்கும் விடை கிடைக்கவில்லை. சம்பந்தியையே முறைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கிடைத்தது. பொறாமைப்படுகிறவனைப் போல உன்னிப்பாகக் கவனிக்கிறவன் உலகத்தில் யார்? ஆக, சிப்பியைக் காப்பாற்றியது என் பொறாமை. கோப்பில் வைக்கத் தகுந்த வாதம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் எந்த ஃபைலிலும் மூடிவைக்க முடியாமல் துருத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை நிவேதா சிப்பி மேல் ஏறிப் போட்டியில் இறங்கினாள். கடைசிக்கு முந்தின தடையில் சிப்பியின் பின்னங்கால் ஒரு கட்டையைத் தட்டிவிட்டது. மூன்றாம் இடம். அப்பனும் மகளும் மைதானத்திலேயே குதித்தார்கள். நானும் கைதட்டினேன், அளவாக.

திரும்பும் வழியில் பெர்ரிக்காக லாரி வரிசையில் நின்றது. நிவேதா பின்னால் சிப்பியோடு இருந்தாள். முன் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். சம்பந்தி சமோசா வாங்கி வந்தார். இனியும் தாங்காது என்று தோன்றியது.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். நேத்து வாளிய நான் பாத்த உடனே கேக்கல. பத்து நிமிஷம் சும்மா இருந்தேன்."

அவர் சமோசாவைக் கடித்தார். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க வாளியப் பாத்தத நான் பாத்தேன்ல? போன் பேசிக்கிட்டே பாத்தேன்."

"அப்ப... உங்களுக்கும் அது வாளிதான்னு தெரியுமா?"

"காலையிலயே தெரியுமே. பெர்ரிகிட்ட அது அந்த நீல வாளிய மோந்துட்டு நகர்ந்தப்பவே தெரியும். அதனாலதான் ரங்கத் வந்ததும் லாரி சீட்டுக்கு அடியில போட்டிருந்தத எடுத்து உக்காந்தேன்."

கடிக்கப் போன சமோசாவைக் காகிதத்தில் திரும்ப வைத்தேன். "தெரிஞ்சுமா சம்பந்தி சொல்லாம இருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமையே சொன்னேனே! எம்மக முன்னாடி லிஸ்ட்டுல இல்லன்னீங்க. சரி, அவரே வாயத் தொறந்து கேக்கட்டும்னு உக்காந்துட்டேன்." விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைலியில் துடைத்தார். "ஏழரைக்குள்ள நானே குடுத்திருப்பேன். அம்மா சத்தியமா. ஆனா உங்களுக்குத் தெரியாது, சம்பந்தி. எதுக்கெடுத்தாலும் அவ 'மாமாகிட்ட கேக்கணும், மாமா எழுதிக் குடுப்பாரு'ன்னுதான் சொல்றா. ஒரு ஃபாரம் எங்கிட்ட காட்டினதில்ல. எனக்கு எப்படி இருக்கும்?"

எனக்கு மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நான் பேசாமல் இருந்தது பத்து நிமிடம். அவர் ரங்கத்தில் மட்டுமே ஐந்து மணி நேரம். சற்று நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே, இதிலும் இவர்தான் முந்திவிட்டார் என்று ஓர் எரிச்சல்.

பின்னால் சிப்பி கனைத்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம், யாருக்கான கனைப்பு என்று.

இரண்டு கிழவர்களுக்கும் வயிற்றெரிச்சல். தாகத்தில் தவித்தது மட்டும் சிப்பி.